33 விநாடி ஷாக் கொடுத்த போலீஸ்காரருக்கு 8 ஆண்டு ஜெயில்! இங்கே பட்டனை அமுக்கினால் கேட்பது யார்?

விளாங்குடி,

லத்தியால் அடித்தால் தழும்பு தெரியும். துப்பாக்கியால் சுட்டால் குண்டு கிடைக்கும். மின்சார ஷாக் கொடுத்தால் என்ன கிடைக்கும்? ஊசி குத்தியது போல ஒரு சின்ன புள்ளி. சில சமயம் அதுகூட இருக்காது.

அப்படிப்பட்ட ஆயுதத்தை போலீசார் கையில் கொடுத்தால், தப்பாகப் பயன்படுத்தியவரை எப்படிப் பிடிப்பது? உலகம் முழுவதும் கோர்ட்டுகளைக் குடைந்து வரும் கேள்வி இது. நம் ஊருக்கும் இது தூரத்துக் கேள்வி அல்ல.

குஜராத் மாநில போலீசாருக்கு 2021-ம் ஆண்டு 'டேசர்' என்ற மின்சாரத் துப்பாக்கிகள் வழங்கப்பட்டன. ஒரு மாநிலத்துக்கு வந்தது இன்னொரு மாநிலத்துக்கு வர ரொம்ப நாள் ஆகாது.

மதுரை-திண்டுக்கல் ரோட்டில் இருக்கும் விளாங்குடி 2011-ம் ஆண்டு வரை பேரூராட்சி. பிறகு மதுரை மாநகராட்சியோடு சேர்ந்து விட்டது. ரோட்டை நம்பிப் பிழைக்கிற ஊர். ராத்திரி ஷிப்டு முடிந்து வருகிறவர், விடியும் முன்னே பரவை மார்க்கெட்டுக்கு மூடை தூக்கப் போகிறவர் என்று அகால நேரத்திலும் ஆள் நடமாட்டம் இருக்கும். "எங்கேடா போறே, இந்த நேரத்துல?" என்று கேட்கிற போலீசாரிடம் முதலில் மாட்டுகிறவர்களும் இவர்கள்தான்.

வக்கீல் வீட்டுப் பிள்ளைக்கு போன் போட ஆள் உண்டு. மூடை தூக்குகிறவருக்கு யார் உண்டு?

5 விநாடி

டேசர் எப்படி வேலை செய்கிறது?

பார்க்க கைத்துப்பாக்கி மாதிரியே இருக்கும். குண்டு கிடையாது. விசையை அமுக்கினால் மெல்லிய கம்பியோடு 2 முள் பாய்ந்து போய் உடம்பில் தைக்கும். கம்பி வழியாக மின்சாரம் பாயும். தசைகள் இழுத்துக் கொள்ளும். ஆள் மரம் போலச் சாய்ந்து விழுவார்.

ஒரு தடவை அமுக்கினால் 5 விநாடி ஷாக். விசையை விடாமல் பிடித்தால் ஷாக்கும் விடாது.

இன்னொரு வழியும் உண்டு. கம்பி இல்லாமல், கருவியின் வாயையே உடம்பில் வைத்து அமுக்குவது. இதில் ஆள் விழ மாட்டார். வலி மட்டும் உயிர் போகும். ஓடுகிறவரை நிறுத்த இது உதவாது. கட்டிப் போட்டவரைக் கதற வைக்கத்தான் உதவும்.

இதனால்தான், உடம்பில் நேரடியாக வைத்து ஷாக் கொடுக்கும் கருவிகளைத் தடை செய்ய வேண்டும் என்று சித்ரவதைத் தடுப்புக்கான ஐ.நா. சிறப்பு அதிகாரி 2023-ம் ஆண்டு அறிக்கை கொடுத்தார்.

போலீசார் பக்கம்

போலீசார் தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. குடிபோதையில் அரிவாளைச் சுழற்றுகிறவன் முன்னால் போய் நிற்பதும் போலீஸ்காரர்தான். துப்பாக்கியை எடுத்தால் உயிர் போகும். லத்தியை எடுத்தால் கிட்டே போக வேண்டும்.

2018-ம் ஆண்டு மே 22-ந் தேதி தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் ஆலை எதிர்ப்பு ஊர்வலத்தில் நடந்த துப்பாக்கி சூடு தமிழ்நாட்டையே உலுக்கியது. 13 பேர் உயிர் இழந்தனர். குண்டுக்குப் பதில் உயிரைப் பறிக்காத ஆயுதம் இருந்தால் நல்லதுதானே என்று கேட்பவர்கள் உண்டு.

நல்லதுதான். ஆனால் ஒரு சிக்கல். "இதில் சாவு வராது" என்ற நினைப்பு வந்து விட்டால், துப்பாக்கியை எடுக்கத் தயங்குகிற கை இதை எடுக்கத் தயங்காது. இதற்கு வெளிநாட்டில் நடந்த ஒரு சம்பவமே போதும்.

95 வயது பாட்டி

ஆஸ்திரேலியா நாட்டில் கூமா என்று ஓர் ஊர். அங்குள்ள முதியோர் இல்லத்தில் இருந்தவர் கிளேர் நவுலண்டு. வயது 95. சக்கரம் வைத்த நடை வண்டியைப் பிடித்துக் கொண்டுதான் நடப்பார்.

2023-ம் ஆண்டு மே 17-ந் தேதி அதிகாலை. பாட்டி கையில் சாப்பாட்டு மேஜைக் கத்தி ஒன்று இருந்தது. போலீசார் வந்தனர். "கத்தியைக் கீழே போடு" என்றனர். பாட்டி போடவில்லை. கிறிஸ்டியன் ஒயிட் என்ற போலீஸ்காரர் டேசரால் சுட்டார். பாட்டி கீழே விழுந்ததில் மண்டையில் அடிபட்டது. ஒரு வாரத்தில் இறந்து விட்டார்.

போலீஸ்காரர் சட்டையில் மாட்டி இருந்த கேமரா எல்லாவற்றையும் படம் பிடித்து வைத்திருந்தது. 2024-ம் ஆண்டு நவம்பரில் அவர் குற்றவாளி என்று ஜூரிகள் தீர்ப்பு கூறினர். வேலை போனது. ஆனால் 2025-ம் ஆண்டு மார்ச்சில் ஜெயில் தண்டனை இல்லாமல் நன்னடத்தை உத்தரவோடு கோர்ட்டு விட்டு விட்டது. பாட்டியின் குடும்பத்தார் மனம் உடைந்தனர்.

கால்பந்து வீரர்

இங்கிலாந்தில் நடந்தது வேறு மாதிரி.

டேலியன் அட்கின்சன் பெயர் பெற்ற கால்பந்து வீரர். ஆஸ்டன் வில்லா குழுவில் ஆடியவர். 2016-ம் ஆண்டு ஆகஸ்டு 15-ந் தேதி டெல்போர்டு நகரில் தகப்பனார் வீட்டு வாசலில் மனநிலை சரியில்லாமல் சத்தம் போட்டுக் கொண்டிருந்தார். பெஞ்சமின் மங்க் என்ற போலீஸ்காரர் டேசரை 3 தடவை பயன்படுத்தினார். மூன்றாவது தடவை விசையை விடவே இல்லை.

எவ்வளவு நேரம் தெரியுமா? 33 விநாடி! வழக்கமான 5 விநாடியைப் போல 6 மடங்குக்கும் மேல். கீழே விழுந்தவரின் தலையில் பூட்சு காலாலும் உதைத்தார். அட்கின்சன் இறந்தார்.

33 விநாடி என்று யார் எண்ணிப் பார்த்தது? அந்தக் கருவியே எண்ணியது! டேசருக்குள் ஒரு கணக்குப் பிள்ளை உட்கார்ந்திருக்கிறான். எந்தத் தேதி, எத்தனை மணி, எத்தனை தடவை, எத்தனை விநாடி என்று ஒவ்வொரு அமுக்கலையும் பதிந்து வைப்பான். உதைத்த பூட்சின் கயிறு அட்கின்சன் நெற்றியில் பதிந்து இருந்ததை டாக்டர்களும் கண்டுபிடித்தனர்.

2021-ம் ஆண்டு ஜூன் மாதம் பர்மிங்காம் கோர்ட்டு அந்தப் போலீஸ்காரருக்கு 8 ஆண்டு ஜெயில் தண்டனை விதித்தது. வேலையில் இருக்கும்போது செய்த இப்படிப்பட்ட குற்றத்துக்காக இங்கிலாந்து போலீஸ்காரர் ஒருவர் தண்டனை பெற்றது 30 ஆண்டுகளுக்கு மேல் அதுவே முதல் தடவை.

பொய் சாட்சி

கனடா நாட்டில் மாட்டியது சுட்டதற்காக அல்ல, பொய் சொன்னதற்காக!

2007-ம் ஆண்டு அக்டோபர் 14-ந் தேதி. வான்கூவர் விமான நிலையம். போலந்து நாட்டில் இருந்து தாயாரைத் தேடி வந்த ராபர்ட் ஜெகான்ஸ்கிக்கு ஆங்கிலம் தெரியாது. பல மணி நேரம் வழி தெரியாமல் தவித்தார். ஆத்திரத்தில் சாமான்களைப் போட்டு உடைத்தார். 4 போலீசார் வந்தனர். வந்த அரை நிமிடத்துக்குள் டேசர் பாய்ந்தது. மொத்தம் 5 தடவை. அங்கேயே உயிர் பிரிந்தது.

"எங்களைத் தாக்க வந்தார். வேறு வழி இல்லை" என்று போலீசார் எழுதிக் கொடுத்தனர். ஆனால் அங்கே நின்ற பயணி ஒருவர் வீடியோ எடுத்து இருந்தார். போலீசார் அதை வாங்கிக் கொண்டனர். திருப்பித் தரத் தயங்கினர். அவர் வக்கீல் வைத்துப் போராடி வாங்கி, பத்திரிகைக்காரர்களுக்குக் கொடுத்தார். எழுதிக் கொடுத்த கதை ஒன்று, படத்தில் இருந்த கதை வேறு!

முன்னாள் நீதிபதி பிரெய்ட்வுட் விசாரணை நடத்தினார். டேசர் பயன்படுத்தியதில் நியாயம் இல்லை என்று 2010-ம் ஆண்டு அறிக்கை கொடுத்தார். அந்த விசாரணையில் பொய் சாட்சி சொன்னதாக 4 பேர் மீதும் வழக்கு வந்தது. 2 பேருக்கு ஜெயில் தண்டனை கிடைத்தது. 2 பேர் விடுதலை ஆனார்கள்.

வீரப்பன் காடு

"இதெல்லாம் வெள்ளைக்காரன் ஊர் கதை. நம்ம ஊர்ல ஷாக் எங்கே இருக்கு?" என்று கேட்கலாம்.

இருந்தது. டேசர் வருவதற்கு முன்பே இருந்தது.

சந்தன வீரப்பனைத் தேடிய தமிழ்நாடு-கர்நாடக அதிரடிப்படை மலை கிராம மக்களைப் பிடித்துப் போய் சித்ரவதை செய்ததாகப் புகார்கள் குவிந்தன. மாதேஸ்வரன் மலை முகாமில் தங்கள் உடம்பில் மின்சாரம் பாய்ச்சியதாக ஆண்களும் பெண்களும் கூறினர். அந்த இடத்துக்கு 'ஒர்க்‌ஷாப்' என்று பெயராம்!

தேசிய மனித உரிமை கமிஷன் 1999-ம் ஆண்டு நீதிபதி சதாசிவா தலைமையில் விசாரணைக் குழு அமைத்தது. கிராம மக்கள் வந்து சாட்சி சொன்னார்கள். 2007-ம் ஆண்டு ஜனவரியில், பாதிக்கப்பட்ட 89 பேருக்கு ரூ.2 கோடியே 80 லட்சம் இடைக்கால நிவாரணம் வழங்க கமிஷன் பரிந்துரை செய்தது.

பணம் வந்தது சரி. ஆனால் அது நிவாரண உத்தரவுதான். மின்சாரம் பாய்ச்சிய கை யாருடையது என்று கூண்டில் நிறுத்திக் கேட்கும் உத்தரவு அல்ல. அந்த முகாமில் கேமரா இல்லை. கணக்கு எழுதிய கருவி இல்லை. அன்றைக்கே காயத்தைப் பார்த்து எழுதிய டாக்டர் இல்லை. பல வருடம் கழித்து, "என்னைச் செய்தாங்க அய்யா" என்று ஏழை சொன்ன வாய்மொழி மட்டுமே இருந்தது.

சாத்தான்குளம்

கேமரா இருந்தால் மட்டும் போதுமா? போதாது.

2020-ம் ஆண்டு ஜூன் மாதம். ஊரடங்கு நேரத்தில் கடையைத் திறந்து வைத்ததாக சாத்தான்குளம் வியாபாரி ஜெயராஜ், அவரது மகன் பென்னிக்ஸ் ஆகியோரை போலீசார் பிடித்துப் போனார்கள். மாஜிஸ்திரேட்டு உத்தரவுப்படி கோவில்பட்டி சப்-ஜெயிலில் அடைக்கப்பட்டார்கள். 22-ந் தேதி இரவு மகன் இறந்தார். விடிவதற்குள் தகப்பனாரும் இறந்தார்.

மதுரை ஐகோர்ட்டு கிளை தானாகவே வழக்கை எடுத்தது. கோவில்பட்டி மாஜிஸ்திரேட்டு போலீஸ் நிலையத்துக்கே நேரில் சென்றார். கேமரா இருந்தது. பதிவு இல்லை! தினமும் தானாக அழிந்து போகும்படி அமைத்து இருந்தார்கள். மாஜிஸ்திரேட்டுக்கே அங்கே மரியாதை கிடைக்கவில்லை. போலீஸ் நிலையத்தை வருவாய்த்துறை கட்டுப்பாட்டில் கொண்டு வரும்படி ஐகோர்ட்டு உத்தரவிட்டது.

அந்த ஸ்டேஷனில் வேலை பார்த்த பெண் ஏட்டு ஒருவர், தந்தையையும் மகனையும் இரவு முழுவதும் அடித்ததாக துணிந்து வாக்குமூலம் கொடுத்தார். வழக்கு சி.பி.ஐ. கைக்குப் போனது. இன்ஸ்பெக்டர் உள்பட 10 போலீசார் கைது செய்யப்பட்டனர். மதுரை கோர்ட்டில் விசாரணை நடந்தது.

அதே 2020-ம் ஆண்டு டிசம்பர் 2-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு வேறொரு வழக்கில் கண்டிப்பான உத்தரவு போட்டது. எல்லா போலீஸ் நிலையங்களிலும் வாசல், வராண்டா, லாக்கப் என்று ஒரு மூலை விடாமல் கேமரா வைக்க வேண்டும். குரலும் பதிவாக வேண்டும். பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும். அதற்கு வசதி இல்லாத இடத்தில் 1 வருடமாவது கட்டாயம் வைத்திருக்க வேண்டும்.

மடப்புரம்

ஸ்டேஷனில் கேமரா இருந்தால், ஸ்டேஷனுக்கே கொண்டு போகாமல் அடித்தால்?

2025-ம் ஆண்டு ஜூன் மாதம் மதுரைக்குப் பக்கத்தில் அதுதான் நடந்தது. திருப்புவனம் அருகே மடப்புரம் காளி கோவில் காவலாளி அஜித்குமார். கோவிலுக்கு வந்தவரின் காரில் இருந்த நகையைக் காணவில்லை என்று புகார். தனிப்படை போலீசார் அவரைப் பிடித்தனர். மறுநாள் அவர் பிணமாகத்தான் ஊர் திரும்பினார்.

கோவில் பின்புறம் அவரை அடிப்பதை யாரோ செல்போனில் மறைந்து நின்று படம் எடுத்து விட்டார்கள். மதுரை அரசு ஆஸ்பத்திரி பிரேத பரிசோதனையில் 44 காயங்கள் இருந்தது ஐகோர்ட்டு கிளையில் வெளிவந்தது. நீதிபதிகள் அதிர்ந்து போனார்கள். 5 போலீசார் கைது செய்யப்பட்டனர். வழக்கு சி.பி.ஐ.க்கு மாற்றப்பட்டது.

இங்கே ஒரு நிமிடம் யோசித்துப் பார்க்க வேண்டும். அந்த 44 காயங்களும் உடம்பில் தெரிந்ததால்தான் டாக்டர் எண்ண முடிந்தது. ஷாக் கருவியாக இருந்திருந்தால்? "மாரடைப்பு" என்று ஒரே வார்த்தையில் கதை முடிந்து இருக்காதா?

3 சாட்சி

இத்தனை வழக்கிலும் குற்றத்தைக் காட்டிக் கொடுத்தது 3 சாட்சிகள்தான். ஒன்று, கேமரா. இரண்டு, டாக்டர் எழுதிய குறிப்பு. மூன்று, கருவிக்குள் இருக்கும் கணக்கு. எதிரே நிற்கும் ஆள் பயந்து பல்டி அடிக்கலாம். இந்த மூன்றும் பல்டி அடிக்காது. ஆனால் அழிக்க முடியும்!

ஆகவே ஷாக் ஆயுதம் வருவதற்கு முன்பே விதி வர வேண்டும். எந்த நம்பர் கருவி எந்தப் போலீஸ்காரர் கையில் இருக்கிறது என்று கையெழுத்து வேண்டும். கருவியை எடுத்தால் சட்டைக் கேமரா தானாக ஓட வேண்டும். ஒரு தடவை அமுக்கினாலும் அன்றைக்கே எழுத்து மூலம் அறிக்கை, அன்றைக்கே டாக்டர் பரிசோதனை. லாக்கப்பில் இருப்பவர் மீதும் விலங்கு போட்டவர் மீதும் அறவே கூடாது. கணக்குப் பதிவு அதே ஸ்டேஷன் அலமாரியில் தூங்காமல் மாஜிஸ்திரேட்டு பார்வைக்குப் போக வேண்டும்.

திருடன் கையில் சாவியைக் கொடுத்து விட்டு திருட்டுப் போனதா என்று அவனையே கேட்பது போல, அடித்தவரிடமே ஆதாரத்தைக் கொடுத்து வைத்தால் எதற்கு ஆகும்?

40 ஆண்டு பாக்கி

போலீஸ் காவலில் இருப்பவருக்குக் காயம் ஏற்பட்டால், அதைப் போலீசார்தான் செய்தார்கள் என்று கோர்ட்டு கருத இடம் இருக்க வேண்டும், இல்லை என்றால் அவர்களே நிரூபிக்கட்டும் என்று சட்டக் கமிஷன் சிபாரிசு செய்தது. எப்போது? 1985-ம் ஆண்டில்! 2017-ம் ஆண்டில் மறுபடியும் அதையே சொன்னது. புதிய சாட்சிய சட்டம் 2024-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி அமலுக்கு வந்தது. அதிலும் அந்தப் பிரிவு இல்லை.

சித்ரவதைக்கு எதிரான ஐ.நா. ஒப்பந்தத்தில் இந்தியா 1997-ம் ஆண்டு கையெழுத்துப் போட்டது. கையெழுத்துப் போட்டதோடு சரி.

என்ன செய்யலாம்?

இருக்கிற சட்டமும் வெறும் காகிதம் அல்ல. தெரிந்து வைத்துக் கொண்டால் பலன் உண்டு. அதன் விவரம் வருமாறு:-

பிடித்த உடனே எங்கே கொண்டு போகிறார்கள் என்று வீட்டுக்குச் சொல்ல வேண்டியது போலீசாரின் கடமை. பிடிக்க வருகிறவர் சட்டையில் பெயர் தெரிய வேண்டும். இது 1996-ம் ஆண்டு டி.கே.பாசு வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு போட்ட உத்தரவு. 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டு முன்னால் நிறுத்தியாக வேண்டும்.

கைதானவரை அரசு டாக்டரிடம் காட்ட வேண்டும். உடம்பில் என்ன காயம், எப்போது பட்டது என்று டாக்டர் எழுதி, அதன் நகலை கைதானவருக்கோ அவர் சொல்லும் ஆளுக்கோ கொடுக்க வேண்டும். புதிய குற்றவியல் நடைமுறை சட்டம் 53-வது பிரிவு இதைச் சொல்கிறது. "ஒண்ணும் இல்ல அய்யா, கீழே விழுந்துட்டேன்" என்று பயந்து சொன்னால் கேஸ் அங்கேயே செத்து விடும். ஷாக் கொடுத்தார்கள் என்றால் எந்த இடத்தில், எத்தனை தடவை என்று வாய் விட்டுச் சொல்ல வேண்டும். மாஜிஸ்திரேட்டு கேட்கும்போதும் அப்படியே சொல்ல வேண்டும்.

ஒப்புக்கொள்ள வைப்பதற்காக அடித்துக் காயப்படுத்தினால் 7 ஆண்டு வரை, கொடுங்காயம் என்றால் 10 ஆண்டு வரை ஜெயில். புதிய தண்டனை சட்டம் 120-வது பிரிவு. காவலில் இறந்தால் மாஜிஸ்திரேட்டு விசாரணை கட்டாயம்.

மாநில மனித உரிமை கமிஷனுக்கு எழுதலாம். 1 வருடத்துக்குள் எழுத வேண்டும். கமிஷன் சிபாரிசு அரசைக் கட்டுப்படுத்தும் என்று 2021-ம் ஆண்டு பிப்ரவரியில் சென்னை ஐகோர்ட்டு முழு பெஞ்சு தீர்ப்பு கூறியது. வக்கீல் வைக்கப் பணம் இல்லை என்றால் 15100 என்ற நம்பருக்கு போன் செய்தால் இலவச சட்ட உதவிக்கு வழி சொல்வார்கள்.

2004-ம் ஆண்டுக்கு முன்பு என்றால் ஐகோர்ட்டுக்கு மெட்ராசுக்கு ரெயில் ஏற வேண்டும். இப்போது ஒத்தக்கடை பக்கம் போனால் போதும். விளாங்குடியில் இருந்து ஊரின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் உள்ள தூரம்தான்.

நல்ல போலீஸ்காரருக்கு இந்த விதிகளால் ஒரு நஷ்டமும் இல்லை. பொய்ப் புகார் வந்தால் அவரைக் காப்பாற்றுவதும் அதே கேமராதான், அதே கணக்குதான்.

லத்தியைப் பிடித்தாலும், ஷாக் துப்பாக்கியைப் பிடித்தாலும், பிடிப்பது ஒரு கைதான். அந்தக் கைக்குப் பெயர் உண்டு; நம்பர் உண்டு; சம்பளம் உண்டு. சம்பளம் நம் வரிப் பணம். கணக்குக் கேட்கும் உரிமை, ராத்திரி 2 மணிக்கு மூடை தூக்கப் போகிறவருக்கும் உண்டு!